திறப்பது கேம், மூடுவது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் வெப்ப எஞ்சின்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் முட்டை வடிவில் ஒரு வளைகோட்டை வரைந்து, "இதுதான் கேம். இது சுழலும்போது இதன் மூக்கு வால்வைத் தள்ளித் திறக்கிறது" என்று சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், திறப்பது கேம். சரி, மூடுவது யார்?" என்று கேட்டார்.

"சுருள்வில்" என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். விடை சரிதான். ஆனால் அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. கேம் தண்டின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை அந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம். அன்று வகுப்பில் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது

வட்டமான ஒரு சக்கரத்தின் விளிம்பில் விரலை இலேசாக வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுங்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் விரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இப்போது விளிம்பின் ஓரிடத்தில் ஒரு புடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் புடைப்பு வரும்போது விரல் ஒருமுறை ஏறி இறங்கும். புடைப்புள்ள இந்தச் சக்கரமே கேம். பாடநூல்கள் இதை 'நெம்புருள்' என்று அழைக்கின்றன. ஒரே தண்டில் பல கேம்களை வரிசையாக அமைத்தால் அது கேம் தண்டு. பட்டறைகளில் 'கேம் ஷாஃப்ட்'.

எப்போது ஏற வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் ஆகிய மூன்றையும் புடைப்பின் வடிவமே தீர்மானிக்கிறது. ஒரே சீராகச் சுழலும் இயக்கத்திலிருந்து, குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் இயக்கத்தைப் பெறுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் கேமுக்கு ஒரு குறை உண்டு. அதற்குத் தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது. புடைப்பு கடந்து போனதும் உங்கள் விரல் தானாகவே கீழே வர வேண்டும். விரல் மேலேயே நின்றுவிட்டால் கேமால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே கேம் உள்ள ஒவ்வோர் இயந்திரத்திலும் தூக்குவதற்கு ஒருவர் என்றால், இறக்குவதற்கு இன்னொருவர் தேவைப்படுகிறார். அந்த இன்னொருவர் யார் என்பதுதான் மாணவர் கேட்ட கேள்வி.

நீரால் எழுந்த உலக்கை

நம் வீடுகளில் உரலில் நெல் குத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உலக்கையைத் தூக்குவதில்தான் உழைப்பு எல்லாம் இருக்கிறது. விழுவதற்குப் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை, பூமி பார்த்துக்கொள்கிறது.

சீனர்கள் இந்த உலக்கையைத் தண்ணீரின் பொறுப்பில் விட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஹுவான் டான் என்ற அறிஞர், தானியம் குத்தும் கருவி கையிலிருந்து காலுக்கும், பின் விலங்குகளுக்கும், தண்ணீருக்கும் மாறிய வரலாற்றை எழுதியிருக்கிறார். நீர்ச்சக்கரத்தின் நீண்ட அச்சில் முளைகள் பதிக்கப்பட்டிருக்கும். அச்சு சுழலும்போது ஒரு முளை, நெம்புகோலின் வாலை அழுத்தும். மறுமுனையில் உள்ள உலக்கை எழும். முளை விலகியதும் உலக்கை தன் எடையால் விழும். கேம் தண்டின் மிகப் பழைய வடிவங்களுள் இதுவும் ஒன்று.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோன், காற்றாடியால் இயங்கும் ஓர் இசைக்கருவியை விவரித்தார். காற்றாடியின் அச்சிலுள்ள முளைகள் நெம்புகோல் வழியாக ஒரு பிஸ்டனைத் தூக்கும். முளை விட்டதும் பிஸ்டன் தன் எடையால் இறங்கிக் குழல்களுக்குள் காற்றைச் செலுத்தும். இங்கும் தூக்கியது முளை, இறக்கியது புவியீர்ப்பு.

கி.பி. 1206-இல், இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பகுதி அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸாரி என்ற பொறியாளர், தம் இயந்திரங்களையெல்லாம் ஓர் அரபு நூலில் படங்களுடன் எழுதி முடித்தார். அவற்றுள் ஒன்று, பொம்மை இசைக்கலைஞர்கள் அமர்ந்திருக்கும் படகு. நீரால் சுழலும் அச்சிலுள்ள முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகளின் கைகள் முரசையும் தாளத்தையும் கொட்டும். முளைகளுக்கு இடையே உள்ள தூரமே தாளத்தின் கால அளவு. நேரத்தை உருவமாகச் செதுக்கி வைக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஐரோப்பாவில் பதினோராம் நூற்றாண்டிலிருந்து இதே அமைப்பு கம்பளித் துணியை மிதித்தது, இரும்பை அடித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரில் கந்தல் துணியை இடித்துக் காகிதக் கூழாக்கியது.

கோலாரில் ஓர் எல்லை

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே குடியேறினார்கள். அவர்கள் பூமிக்கடியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த தங்கப் பாறையை மேலே பொடியாக்கியவை 'ஸ்டாம்ப் மில்' எனப்படும் இடிப்பு ஆலைகள். அந்த ஆலைகளின் உயிர் கேம் தண்டுதான். சில நூறு கிலோ எடையுள்ள இரும்பு உலக்கைகள் வரிசையாக நிற்க, கேம்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிவிடும்.

பொதுவாக இத்தகைய ஆலைகளில் ஓர் உலக்கை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை விழும். அதை 300 முறையாக்கினால் மும்மடங்கு பாறை பொடியாகுமே, ஏன் செய்யவில்லை? பள்ளியில் படித்த சூத்திரமே விடை சொல்லும். 20 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுவதற்கு 0.2 விநாடி ஆகிறது. எவ்வளவு கனமான பொருளானாலும் இதே நேரம்தான். நிமிடத்துக்கு 300 என்றால் ஒவ்வோர் அடிக்கும் மொத்தமே 0.2 விநாடிதான் கிடைக்கும். விழுவதற்கே அது சரியாகிவிடும். தூக்குவதற்கு நேரம் மிஞ்சாது. அதற்குமேல் வேகத்தைக் கூட்டினால், உலக்கை கல்லைத் தொடுவதற்கு முன்பே அடுத்த கேம் வந்து அதன்மேல் மோதும். உலக்கையும் உடையும், கேமும் உடையும்.

தண்டை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் சுழற்றலாம். பூமியை அவசரப்படுத்த இயலாது. கேமின் வேகத்துக்கு எல்லை வகுப்பவர் தூக்குபவர் அல்லர், இறக்குபவரே என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எஞ்சினுக்குள் நுழைந்த கேம்

1876-இல் ஜெர்மனியில் கொலோன் நகரை அடுத்த டாய்ட்ஸில் நிக்கோலஸ் ஆட்டோ தம் நான்கு வீச்சு எஞ்சினை இயக்கினார். எரிபொருளை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்து விரிதல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கு வீச்சுகளுக்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். எனவே வால்வை இயக்கும் தண்டு, கிராங்க் தண்டின் வேகத்தில் சரிபாதி வேகத்தில் சுழல வேண்டும். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பல்சக்கரங்களை அமைத்தால் போதும். அன்று முதல் இன்று வரை நான்கு வீச்சு எஞ்சினின் கேம் தண்டுக்கு இந்த விகிதம் மாறவே இல்லை.

ஆட்டோவின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 சுற்றுகள்தான் சுழன்றது. 1885-இல் டைம்லரும் மேபாக்கும் செய்த சிறிய எஞ்சின் 600 சுற்றுகளை எட்டியது. அதில் புகை வெளியேறும் வால்வை மட்டுமே இயந்திர அமைப்பு திறந்தது. உள்ளிழுக்கும் வால்வை, பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் வெற்றிடமே திறந்துகொண்டது. வேகம் கூடக்கூட இந்த முறை தடுமாறியது. 1901-இல் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் காரில் இருவகை வால்வுகளுமே கேம்களின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மூடும் பொறுப்பு சுருள்வில்லிடம் சேர்ந்தது.

பூமியால் ஏன் அந்த வேலையைச் செய்ய முடியாது? காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என்னோடு கணக்குப் போடுங்கள்.

எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழல்கிறது என்று கொள்வோம். கேம் தண்டின் வேகம் அதில் பாதி, 3,000. அதாவது விநாடிக்கு 50. ஒரு சுற்றுக்கு 0.02 விநாடி. இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம், அதாவது 0.007 விநாடிதான் வால்வு திறந்திருக்கிறது. அதில் பாதி திறப்பதற்கு, பாதி மூடுவதற்கு. ஆக, மூடுவதற்குக் கிடைப்பது 0.0035 விநாடி. வால்வு நகரும் தூரம் 8 மி.மீ. என்றால், புவியீர்ப்பினால் மட்டும் அது விழுவதற்கு 0.04 விநாடி ஆகும். பதினோரு மடங்குக்கு மேல் தாமதம்!

இத்தோடு முடியவில்லை. வால்வு தன் இருக்கையில் சம்மட்டிபோல் மோதக் கூடாது. பாதித் தூரம் வேகமெடுத்து, மீதிப் பாதியில் வேகம் தணிந்து, மெல்ல அமர வேண்டும். முதல் 4 மி.மீ. தூரத்தை 0.00175 விநாடியில் கடப்பதற்குத் தேவையான முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 265 மடங்கு. வால்வும் அதனோடு அசையும் உறுப்புகளும் சேர்ந்து 100 கிராம் என்றால், அவற்றை இழுக்கச் சுமார் 260 நியூட்டன் விசை வேண்டும். ஓர் அரிசி மூட்டையைத் தூக்கும் விசை அது. 100 கிராம் பொருளுக்கு!

சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதைக் கவனியுங்கள். எஞ்சினின் வேகத்தை இருமடங்காக்கினால் தேவையான விசை நான்கு மடங்காகிறது. வில் அந்த விசையைத் தராவிட்டால் வால்வு கேமைத் தொடாமல் காற்றில் மிதக்கும். மூட வேண்டிய நேரத்தில் திறந்தே நிற்கும். பல எஞ்சின்களில் மேலேறி வரும் பிஸ்டன் அதன்மேல் மோதிவிடும். கோலாரின் உலக்கைக்கு நேர்ந்திருக்கக்கூடிய அதே விபத்து!

மாடிக்குப் போன தண்டு

"இன்னும் கடினமான வில்லைப் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் திறக்கும்போது கேம் அந்த வில்லை எதிர்த்துத்தானே தள்ள வேண்டும்? உராய்வு கூடும், கேமின் மூக்கு தேயும். வில்லுக்கும் நிறை உண்டு. மிக விரைவாக அடிக்கும்போது அதன் சுருள்களே அதிரத் தொடங்கும்.

மிஞ்சிய வழி ஒன்றுதான். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிய தொகை. விசையைக் கூட்ட இயலாவிட்டால் நிறையைக் குறைக்க வேண்டும்.

அக்காலத்தில் கேம் தண்டு எஞ்சினின் அடிப்பகுதியில், கிராங்க் தண்டுக்கு அருகில் இருந்தது. வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதியில் வைத்தபோது, கீழேயுள்ள கேமின் அசைவை மேலே கொண்டுசெல்ல நீண்ட தள்ளுகோல் ஒன்று தேவைப்பட்டது. 'புஷ் ராடு' என்பது அதுதான். அதன் எடையையும் சேர்த்தே வில் இழுத்தாக வேண்டும். கேம் தண்டையே மேலே கொண்டுபோய் வால்வுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தள்ளுகோலே வேண்டாமே! இங்கிலாந்தின் மாட்ஸ்லே நிறுவனம் 1902-இலேயே இவ்வாறு செய்தது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1912-இல்தான்.

அவ்வாண்டு ஜூன் 25, 26 தேதிகளில் பிரான்சின் தியெப் நகரில் கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்தது. இரு நாட்களில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஃபியட் நிறுவனத்தின் காரில் இருந்தது 14 லிட்டர் எஞ்சின். வேகம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பதே அன்றைய நம்பிக்கை. எதிரே நின்ற பூஷோ காரின் எஞ்சினோ 7.6 லிட்டர்தான். அதை உருவாக்கும் பொறுப்பு மூன்று பந்தய ஓட்டுநர்களிடமும், சுவிட்சர்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஆன்ரி என்ற வரைவாளரிடமும் விடப்பட்டிருந்தது. அவர்கள் சிலிண்டருக்கு நான்கு சிறு வால்வுகளை அமைத்து, தலைப்பகுதியில் ஒன்றல்ல, இரண்டு கேம் தண்டுகளை வைத்தார்கள். பெரிய வால்வு ஒன்றுக்குப் பதில் சிறிய வால்வுகள் இரண்டு என்றால், ஒவ்வொரு வில்லும் இழுக்க வேண்டிய நிறை குறைகிறது. இயற்பியல் எளிது, துணிந்து செய்வதுதான் அரிது.

முதல் நாள் முடிவில் ஃபியட்தான் முன்னணியில் இருந்தது. மறுநாள் அந்தக் கார் எரிபொருள் குழாய் பழுதினால் பின்தங்கி, வழியில் எரிபொருள் நிரப்பியதற்காக விலக்கப்பட்டது. ஜார்ஜ் புவாயோ ஓட்டிய பூஷோ, ஏறக்குறைய 14 மணி நேர ஓட்டத்தில் முதலாவதாக வந்தது. அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதியளவு எஞ்சின் அத்தனை தூரம் ஈடுகொடுத்தது அதிர்ஷ்டத்தால் அன்று. 1913-இல் இதே வகைக் காரில் ஜூல் கூ அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தையும் வென்றபோது ஐயம் தீர்ந்தது. இன்று பல கார்களின் எஞ்சினில் நீங்கள் காணும் நான்கு வால்வு, இரட்டைக் கேம் அமைப்பு அந்தப் பூஷோவின் வழிவந்ததே.

மேலே போன தண்டை இயக்கச் சங்கிலியோ பல்சக்கர வரிசையோ வேண்டியிருந்தது. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 என்ற காரில் பல்லுள்ள ரப்பர் பெல்ட்டைப் பயன்படுத்தியபின், மேல்தண்டு எஞ்சின் சாதாரணக் கார்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

தண்டு இவ்வாறு மேலேறியதை நம் ஊரிலேயே காணலாம். 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த என்ஃபீல்டு புல்லட், தலைமுறை தலைமுறையாகத் தள்ளுகோல்களுடனேயே ஓடியது. நிதானமாகச் சுழலும் எஞ்சினுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2023-இல் வந்த புதிய புல்லட் 350-இல்தான் கேம் தண்டு தலைப்பகுதிக்குச் சென்றது.

வில்லை நம்பாதவர்கள்

நிறையைக் குறைத்தாலும் வில்லுக்கு எல்லை உண்டு. அப்படியானால் வில்லையே விலக்கிவிட்டால்? 1954, 1955 ஆண்டுகளில் பந்தயக் களத்தை ஆண்ட மெர்சிடிஸ் டபிள்யூ 196 காரில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு கேம்கள் இருந்தன. ஒன்று திறக்கும்; மற்றொன்று ஒரு கவைபோன்ற நெம்புகோல் வழியே வால்வை இழுத்து மூடும். கேமுக்கு இழுக்கத் தெரியாது என்றேன். இன்னொரு கேமைக் கொண்டு அதை இழுக்க வைத்துவிட்டார்கள்! இத்தாலியில் ஃபாபியோ தாலியோனி இதே முறையை 1956-இல் டுகாட்டி பந்தய மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். அந்நிறுவனத்தின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது.

இந்தத் தத்துவத்தைக் காண நீங்கள் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் பழைய கறுப்பு நிறத் தையல் இயந்திரம் இருந்தால் போதும். ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கி நூலை இழுக்கும் நெம்புகோலைக் கவனியுங்கள். பெரும்பாலான பழைய மாதிரிகளில் அதன் மறுமுனை, ஓர் உருளையில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் ஓடுகிறது. பள்ளத்தின் ஒரு சுவர் ஏற்றுகிறது, மறுசுவர் இறக்குகிறது. அந்த நெம்புகோலை இறக்க வில்லும் வேண்டாம், பூமியும் வேண்டாம். ஆயினும் இரண்டு கேம் முறை எல்லா எஞ்சின்களுக்கும் பரவவில்லை. உறுப்புகள் அதிகம், மிக நுட்பமாகக் கடைந்து பொருத்த வேண்டும்.

1986-இல் ரெனோ பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். உலோகச் சுருளுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட வாயுவையே வில்லாகப் பயன்படுத்தினார்கள். வாயுவுக்கு நிறை மிகக் குறைவு. சுருள்வில்போல் அது முறிவதும் இல்லை. அந்த வழியில் போன ஃபார்முலா ஒன் எஞ்சின்கள் 2006-இல் நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தொட்டன.

இனி என்ன?

அண்மைக்காலத்தில் கேமின் வேலை கைமாறத் தொடங்கியிருக்கிறது. 2001 முதல் பெருங்கப்பல்களின் சில டீசல் எஞ்சின்களில் கேம் தண்டே இல்லை. கணினியின் கட்டளைப்படி எண்ணெய் அழுத்தம் வால்வுகளை இயக்குகிறது. மின்சார வண்டியிலோ வால்வும் இல்லை, கேமும் இல்லை. "பிறகு நாங்கள் ஏன் சார் இதைப் படிக்க வேண்டும்?" என்று அந்த மாணவர் இன்று கேட்டால், இம்முறை ஒரு சொல்லில் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு பொறியைப் பார்க்கும்போது நம் கண் அதன் முன்னோக்கிய இயக்கத்தில்தான் பதிகிறது. அடிக்கும் சம்மட்டியையும் திறக்கும் வால்வையும் படம் வரைகிறோம். திரும்பி வருவதை யாரோ செய்துகொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் உலக்கையிலிருந்து ஃபார்முலா ஒன் கார் வரையில் பொறியாளர்களை விழிக்க வைத்தது அந்தத் திரும்பி வரும் பயணமே. மின் ரிலேயின் தொடுமுனையை விடுவிப்பது எது, கதவு தானாக மூடுவது எதனால், இதய வால்வை அடைப்பது யார் என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவருக்கு, கேம் மறைந்துபோனாலும் அந்தக் கேள்வி பயன்படும்.

அடுத்த முறை மோட்டார் சைக்கிள் பட்டறையில் "டாப்பெட் அடிக்கிறது" என்று மெக்கானிக் சொல்லக் கேட்டால் சற்று நின்று காது கொடுங்கள். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி சற்றுக் கூடிவிட்டது என்பதே அதன் பொருள். அந்த 'டிக் டிக்' ஒலியில் ஒவ்வொரு முறையும் ஒரு கேம் தள்ளுகிறது, ஒரு வில் திருப்பி அனுப்புகிறது. கடைசி வரிசை மாணவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை அங்கே ஒலித்துக்கொண்டிருக்கிறது.